சிமெந்து போடாத மேடை

அரைகுறைப் படிப்பும் அதிகாரமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஊருக்கு ஆபத்து என்பார்கள். என்னிடம் அதிகாரம் இருக்கவில்லை. ஆனாலும் ஆபத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஐம்பதுகளின் நடுவில், ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலை ஆலையில் எனக்குக் கணக்கெழுதும் கிளாக்கர் வேலை. ஆறு மாதம் தற்காலிகம். பிறகு தோட்டத்துத் துரை மனம் வைத்தால் நிரந்தரம். (வைக்காவிட்டால் பண்டாரவளையில் மாமாவின் மரக்கறிக் கடைக்கே திரும்பி, கோவா, கிழங்கு மூட்டை தைக்க வேண்டும்.)

விடியற்காலையில் தொழிலாளர்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களம் மழைக்காலத்தில் சேறாகிவிடும். துரை ஏறி நிற்க ஒரு மேடை கேட்டார். தோட்டத்தில் சிமெந்து தீர்ந்துபோயிருந்தது.

"சிமெந்தே வேணாங்க தொரை," என்றேன்.

ஆலை அடுப்பில் அள்ளிக் கொட்டும் சாம்பலையும் சூளையில் கழித்த செங்கல் பொடியையும் சுண்ணாம்போடு குழைத்தால் கல்லாகும் என்று எங்கோ வாசித்திருந்தேன். சோதனைக்கு ஒரு கட்டி பிடித்து, தேயிலை உலர்த்தும் அடுப்பின் மேல் பத்து நாள் வைத்தேன். பிறகு மாடியிலிருந்து கீழே போட்டேன். கட்டி உடையவில்லை, கீழே இருந்த தேயிலைப் பெட்டிதான் உடைந்தது. அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

தோட்டத்து மேசன் சுப்பையா மட்டும் தலையைச் சொறிந்தார்.

"கிளாக்கரையா, அது அடுப்புச் சூட்டுல இறுகினது. மேடை பனியிலயும் மழையிலயுமுல்ல கெடக்கப் போவுது. மாசக்கணக்கா ஆகும்."

"படிச்சவன் சொல்றேன், கேளுங்க." (படித்தது அந்த ஒரு பக்கம்தான்.)

இரண்டு வாரத்தில் மேடையின் மேல்பக்கம் காய்ந்து பளபளத்தது. தட்டினால் சத்தமும் வந்தது. என் ஆறு மாதம் முடிகிற அன்று காலை, முழுத் தோட்டமும் பார்த்திருக்க, துரை அதில் கம்பீரமாக ஏறினார். ஏறிய வேகத்திலேயே முழங்கால் வரை இறங்கினார். சுப்பையாவும் கங்காணியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். துரை வந்தார், ஒரு காலின் சப்பாத்து வரவில்லை. முன்வரிசையில் நின்ற, கொழுந்து பறிக்கும் அம்மா ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். அவ்வளவுதான், பெரட்டுக்களமே குலுங்கியது. எனக்கு அந்தச் சப்பாத்தோடு உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

துரை என்னைப் பார்த்தார். "இது எப்போ கெட்டி ஆகும்?"

"ஆகும்ங்க... நாள் தெரியலைங்க தொரை."

"இது கெட்டி ஆகும் நாள், உன் வேலை கெட்டி ஆகும். அதுவரை தினம் காலை நீ ஏறி நில்லு."

குழியை நிரப்பி மட்டம் செய்தோம். அன்றிலிருந்து தினமும் பெயர் கூப்பிடுமுன் நான் ஏறுவேன், புதைவேன். "இன்னிக்கி எம்புட்டு ஆழம், கிளாக்கரையா?" என்று ஆளாளுக்கு விசாரிப்பார்கள். நான்காம் மாதம் கால் புதையவில்லை. சுப்பையா இரும்பு அலவாங்கால் ஓங்கிக் குத்தினார். அலவாங்கு முனை மழுங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று மாலையே வேலை நிரந்தரம்.

அடுத்த வருடம் எனக்குப் பெண் பார்த்தபோது, பெண்ணின் அப்பா தோட்டத்துக்கு வந்து சுப்பையாவிடம் விசாரித்திருக்கிறார், மாப்பிள்ளை எப்படி என்று.

"தங்கமான மனுசங்க. ஆனா இறுக நாலு மாசம் ஆகும்."

கல்யாணமாகி நாற்பது வருடமாகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள்.

"மேசன் எங்கப்பாவ ஏமாத்திட்டாரு. இவரு இன்னும் இறுகலைங்க."