வறுத்து உப்புத் தூவிய முட்டர்

தாணுலிங்கத்துக்கு ஜெர்மன் வந்துவிட்டது. காலை ஒன்பதே காலுக்குப் போனில் ஒரு அகராதியை இறக்கினார், ஒன்பதரைக்கு வந்துவிட்டது.

தூத்துக்குடியில் அவரும் மனைவி பானுப்ரியாவும் முந்திரிப்பருப்பு வறுத்துக் கப்பலேற்றுகிறவர்கள். வறுப்பது, பாக்கெட் போடுவது, ஆட்களைக் கட்டி மேய்ப்பது பானுப்ரியா. விசிட்டிங் கார்டு கொடுப்பது தாணுலிங்கம். ஹாம்பர்க் வியாபாரி ஒருவர் ஜெர்மன் லேபிளோடு சாம்பிள் கேட்டிருந்தார். சரக்கு பிடித்தால் அங்கே நடக்கும் உணவுக் கண்காட்சிக்கு ஒருவரை அழைப்பாராம். அந்த ஒருவர் யார் என்பதில் தாணுலிங்கத்துக்குச் சந்தேகமே இல்லை. கோட்டு தைக்கக் கொடுத்தாயிற்று.

“ஏளா, ‘நட்’டுக்கு ஜெர்மன்ல ரெண்டு வார்த்தை போட்டிருக்கான். நுஸ், முட்டர்.”

“நுஸ்னு போடுங்க.”

“அது தும்முத மாதிரில்லா இருக்கு! முட்டர்னா ஒரு கம்பீரம்.”

“முட்டாள்னு கேக்கு எனக்கு.”

“மொதல்ல கெடக்க வார்த்தை சாதாரண ஆளுகளுக்கு. வெவரமானவன் ரெண்டாவதைத்தான் எடுப்பான்.”

“இங்கிலீஷ்ல நட்டுன்னா திங்கதும் உண்டு, போல்ட்டுல முடுக்குததும் உண்டு, கிறுக்கனும் உண்டு. எதுக்கு எதுன்னு வாசிச்சுப் பாத்தீங்களா?”

“முப்பது வருசமா முந்திரி விக்குதவனுக்கு நீ நட்டு சொல்லிக் குடுக்கியாக்கும்?”

பானுப்ரியா அவரை ஒரு பார்வை பார்த்தாள். கழன்ற நட்டை மெக்கானிக் பார்க்கிற பார்வை.

“சரி, நீங்க சொன்னபடியே அடிச்சு அனுப்பிருதேன்.”

மனைவி அடங்கிவிட்டாள் என்று அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார் அந்த மேதை.

மூன்றாவது வாரம் ஹாம்பர்க்காரர் வீடியோவில் வந்தார். கையில் பாக்கெட். சிரித்துச் சிரித்து முகம் சிவந்திருந்தது. ஜெர்மனில் ஏதோ கேட்டார். சரக்கு யாருடையது என்கிறார் போலும் என்று தாணுலிங்கம் நெஞ்சைத் தட்டினார்.

“மைன்! மைன்! ஓன் ரோஸ்டிங்!”

அந்த மனுசர் நாற்காலியிலிருந்து சரிந்தார். பானுப்ரியா போனை வாங்கி ஜெர்மனில் பேசினாள். கடகடவென்று பத்து நிமிஷம் பேசினாள்.

அவள் போனை வைத்ததும் தாணுலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“ஏளா... ஒனக்கு எப்படி?”

“ஆறு மாசமா ஆன்லைன்ல படிக்கேன். காதுல மாட்டிக்கிட்டு பாட்டு கேக்கேன்னு நீங்கதான் நெனச்சீங்க.”

“அவர் என்னதான் கேட்டாரு?”

“முட்டர்னா போல்ட்டுல மாட்டுத நட்டு. இன்னொரு அர்த்தம், அம்மா. ‘வறுத்து உப்புத் தூவிய அம்மா’ன்னு எழுதியிருக்கே, யாரோட அம்மான்னு கேட்டாரு. நீங்க என்னோடது, நானே வறுத்ததுன்னு நெஞ்சைத் தட்டுனீங்க.”

“அன்னைக்கே சொல்லப்படாதா?”

“நுஸ்னு சொன்னேம்லா.”

“அப்ப... ஆர்டர் போச்சா?”

“ருசி பிரமாதமாம். ஆர்டர் உண்டு. கண்காட்சிக்கு என்னைய வரச் சொல்லுதாரு.”

தாணுலிங்கம் தண்ணீர் குடித்தார்.

“லேபிளைப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?”

“எழுதுனது யாருன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“அந்த ஆளை அப்பமே வேலையை விட்டு நிப்பாட்டியாச்சுன்னு சொல்லிட்டேன்.”