ஒரு விரற்கடை நீளம்

காலை இழந்த குடிமக்களை மீண்டும் நிமிர்ந்து நிற்கச் செய்வதே தன் தலையாய கடமை என்று செயற்கைக் கால் நிலையத்தின் வாசல் பலகை அறிவித்தது. அதை நம்பித்தான் சலூன்காரர் உள்ளே போனார். விபத்தில் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டிருந்தது. நின்றுகொண்டே செய்கிற தொழில். நிற்க முடியாவிட்டால் பிழைப்பு இல்லை.

கால் வந்தது. பளபளவென்று நல்ல கால்தான். ஒரு விரற்கடை நீளம் அதிகம், அவ்வளவுதான் குறை. மாட்டிக்கொண்டு எழுந்தவர் வலப்பக்கம் சாய்ந்து நின்றார்.

"நடுவுல இருக்கிற குழாயைக் கொஞ்சம் அறுத்தாப் போதும்ணே," என்றார் கால் பொருத்துகிறவர். "ஆனா பெரியவர் உத்தரவு போடணும்."

பெரியவர் எனப்பட்ட அதிகாரி ஆளைப் பார்க்கவில்லை. வரைபடத்தைப் பார்த்தார்.

"கால் அங்கீகரிக்கப்பட்ட அளவுலதான் இருக்கு. நீளம்னா எதை விட நீளம்?"

"என்னோட இன்னொரு காலை விட, சார்."

"அந்தக் காலை யார் அங்கீகரிச்சாங்க?"

சலூன்காரர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். அது எந்த முன் அனுமதியும் பெறாமல் பிறவியிலேயே முளைத்துவிட்ட கால்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் அதிகாரி. "நடந்து பழகுங்க. அப்பவும் சாய்வாத் தெரிஞ்சா வாங்க. நானே நேர்ல பார்த்து உத்தரவு போடறேன்."

சலூன்காரர் சாய்ந்தபடியே கடை திறந்தார். நேராகத்தான் வெட்டினார், அதாவது அவர் கண்ணுக்கு நேராக. முடியோ வலப்பக்கம் இறங்கி, இடப்பக்கம் ஏறி நின்றது. முதலில் மாட்டியவர் ஒரு வாத்தியார்.

"என்னய்யா இது, கோணலா இருக்கு?"

சலூன்காரர் மன்னிப்புக் கேட்பதற்குள், காத்திருந்த கல்யாண மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். "சார், பிரமாதம்! அண்ணே, எனக்கும் இதையே வெட்டுங்க!"

அவ்வளவுதான், ஊருக்கே பைத்தியம் பிடித்தது. நேராக முடி வெட்டியவர்களைக் கிழடு என்றார்கள். மற்ற சலூன்காரர்கள் இடது காலுக்கடியில் செங்கல்லை வைத்துக்கொண்டு தொழில் பழகினார்கள். ஆனால் கண்ணாடியில் முடி நேராகவும் தெரிய வேண்டுமே! அதற்காக எல்லாரும் தலையை இடப்பக்கம் சாய்த்தே நடமாடினார்கள். கொஞ்ச நாளில் கழுத்தும் அப்படியே நின்றுவிட்டது.

கடையில் ஈ நுழைய இடமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து காலைக் கழற்றினால் மிஞ்சிய கால் புண்ணாகிக் கிடந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று.

"கூட்டம் வருதுன்னு பல்லைக் கடிச்சிட்டு இருக்காதீங்க," என்றாள் மனைவி. "நீங்க முனகுறது எனக்குத்தானே கேக்குது? முதல்ல போய்க் காலை அறுத்துட்டு வாங்க!"

போனார். அதிகாரி வாக்குத் தவறாதவர். இருக்கையை விட்டு எழுந்தே வந்தார். அவர் தலையும் புது மோஸ்தரில் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த முடியை வெட்டியவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. சலூன்காரரை எதிரே நிறுத்தி, ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கேய்யா சாய்வு? கம்பம் மாதிரி நேரா நிக்கிறீங்க!"

"சார், வலி உயிர் போகுது..."

"வலி வேற இலாகா. சாய்வு இருக்கா இல்லையாங்கறதுதான் இங்க கேள்வி."

கால் பொருத்துகிறவரையும் கூப்பிட்டார். அவரும் சாய்ந்த தலையோடு வந்து, உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார். "நேராத்தான் இருக்கு சார். அன்னைக்கு எப்படிக் கோணலாத் தெரிஞ்சதுன்னே புரியல."

"நடந்து பழகினா சரியாயிடும்னு அப்பவே சொன்னேனா இல்லையா?" அதிகாரிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. வெற்றி கண்ட அந்த அளவிலேயே இனி எல்லாருக்கும் கால் வழங்குமாறு அங்கேயே உத்தரவிட்டார்.

சலூன்காரருக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் ஒருவர் ஏணி மேல் நின்று, நிமிர்ந்து நிற்கச் செய்யும் அந்தப் பலகையை ஆணி பிடுங்கிச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமாக் கோணலாவே மாட்டி வச்சிருக்காங்கண்ணே, ஒருத்தர் கண்ணுலயும் படல பாருங்க. இப்ப நேரா இருக்கா?"

சலூன்காரர் பலகையைப் பார்த்தார். ஏணிக்காரரின் தலையைப் பார்த்தார். நல்ல வெட்டுத்தான்.

"இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இறக்குங்க," என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போனார்.