ஐந்து ஈடு குழம்பும் ஒரு கம்ப்யூட்டரும்

கீரனூர்
12-8-1966

பம்பாயில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் சிரஞ்சீவி ரத்தினவேலுக்கு, ரிட்டயரான வாத்தியாரும் உன் தாய்மாமனுமாகிய உடையப்பன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை காத்தாயியும் இரண்டு மாடுகளும் சுகம். நீ சுகமில்லை என்று நீயே எழுதிவிட்டதால் கேட்கவில்லை.

உன் பெரிய புரோகிராமை மெஷின் தன் பாஷைக்கு மாற்றும்போது, அதன் ஞாபகத்தில் இடம் போதாமல் பாதியில் நின்றுவிடுகிறதாம். 'இந்த மெஷினில் இது ஆகாது' என்று அதிகாரி சொல்லிவிட்டாராம். அதனால் வேலையை விடுகிறாயாம். ஆகாதென்று சொல்ல அவர் யார்? போன மாதம் நம் வீட்டுக் காதுகுத்துக்கு இருநூறு பேர். பெரிய அண்டா ஆலங்குடிக் கல்யாணத்துக்குப் போய்விட்டது. கையில் இருந்தது நாற்பது பேர் பானை. சமையல்காரர் மலையாண்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நான் விடவில்லை. ஐந்து ஈடாகக் குழம்பு வைத்து, ஒவ்வொன்றையும் வாளியில் ஊற்றி, பானையைக் காலி செய்து அடுத்த ஈடு. முதல் வாளியில் உப்பே இல்லை. இரண்டாவதில் நானும் போட்டேன், உன் அத்தையும் போட்டாள். மூன்றாவதைக் கழனித்தண்ணி என்று நினைத்து மாட்டுக்கு வைத்துவிட்டாள். அதன்பிறகு ஒவ்வொரு வாளியிலும் 'உப்பு போட்டாச்சு, மனிதருக்கு' என்று சாக்பீஸால் எழுதினேன். "கொழம்புக்கும் பரீட்சை வச்சுட்டீங்களே சார்" என்றார் மலையாண்டி. வைத்தேன், மாட்டுக்குப் போனதற்குப் பதிலாக வைத்த ஆறாவது ஈட்டில் பாஸ். இருநூறு பேரும் சாப்பிட்டார்கள். சிலர் மட்டும் தண்ணீர் அதிகமாகக் கேட்டார்கள்.

உன் மெஷினும் ஒரு பானைதானப்பா. புரோகிராமைத் துண்டு துண்டா வெட்டு. ஒரு துண்டை மாத்து, மாத்தினத ஓட்டை போட்ட கார்டுல எறக்கு, கட்டு மேல என்னன்னு எழுதி வை, ஞாபகத்தைக் காலி பண்ணிட்டு அடுத்தத ஏத்து. கடைசியில எல்லாத்தையும் ஒண்ணாக் கோத்துக்க. இங்கிலீஷ் திருத்தச் சொல்லி ராஜினாமாக் கடிதம் அனுப்பியிருந்தியே, திருத்தியாச்சு. ஆனா இந்த உடையப்பனைத் தாண்டி அது வாசப்படி எறங்காது.

நார்த்தாமலை முத்துமாரி உன்னையும் மெஷினையும் சேர்த்தே காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்
உடையப்பன்

பி.கு.: இறங்கிவிட்டது. அதிகாரி விலாசம் எழுதி நீ அனுப்பிய உறையிலேயே அதைப் போட்டு மேசையில் வைத்திருந்தேன். "ஸ்டாம்பு ஒட்டிக் கெடந்துச்சு, மறந்துட்டீங்களோன்னு நேத்தே தபால்ல போட்டுட்டேன்" என்கிறாள் உன் அத்தை. இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்கு ஒருநாள் முன்னால் அது அவரிடம் போய்ச் சேரும். பயப்படாதே. முப்பது வருடப் பழக்கத்தில் சிவப்பு மையால் திருத்தி, நூற்றுக்குப் பதினெட்டு மார்க் போட்டு, 'காரணம் போதாது, மறுபடி முயற்சி செய்' என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதை அவர் எப்படி ஏற்றுக்கொள்கிறார் என்று நானும் பார்க்கிறேன்.