நம்பர் பிளேற் வைத்த அறை

உங்கள் வீட்டு அறைகளில் எதற்காவது நம்பர் பிளேற் இருக்கிறதா? எங்கள் பக்கத்து வீட்டில் ஒன்றுக்கு இருக்கிறது. வங்குரோத்தான பிறகு வீட்டில் ஓர் அறை கூடிய மனிதர் வன்னி முழுவதிலும் ஒரே ஒருவர்தான்: எங்கள் கிளிநொச்சி ஹோன் முதலாளி.

நெல் வியாபாரி. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். கார் வாங்கிய நாளிலிருந்து வாயால் பேசியதைவிட ஹோனால் பேசியதுதான் அதிகம். முற்றத்தில் காருக்குள்ளேயே இருப்பார். தேத்தண்ணிக்கு ஒரு அடி, சோற்றுக்கு இரண்டு. ஒருமுறை யாழ்ப்பாண ரயிலுக்கே ஹோன் அடித்துவிட்டு, அது வழிவிடவில்லை என்று ஸ்ரேசன் மாஸ்ரரிடம் முறையிட்டார்.

அந்தக் காரில் ஏற அவர் மனைவி மகேசு அக்காவுக்கு மட்டும் அனுமதி இல்லை.

"உம்மட காலெல்லாம் வயல் சேறு. சீற் பழுதாப் போடும்."

உருத்திரபுரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அக்கா பஸ்ஸில் போவார். முதலாளி பின்னாலேயே காரில் போய், அந்த பஸ்ஸுக்கு ஹோன் அடிப்பார்.

ஒரு வருடம் மழை ஏமாற்றியது. இரணைமடுக் குளம் அடித்தரை தெரியக் கிடந்தது. நெல்லுக்கென்று கடன் வாங்கிக் கண்டபடி முற்பணம் கொடுத்திருந்த முதலாளிக்கு நெல் வரவில்லை. கடன்காரர் மட்டும் தவறாமல் வந்தார்கள். கடைசியில் கோட்டில் நீதிபதிக்கு முன்னால் கையை விரித்தார்.

அவருக்காக வழக்குப் பேசிய பிரக்கிராசியார் நிலைமையைச் சொன்னார்.

"வீட்டை ஒருத்தரும் தொடேலாது. அது உங்கட மனிசியின்ர சீதனம். நிலம், கிணறு, மரம், நிலத்தோட பொருந்தின எல்லாம் அவாக்குத்தான்."

"அப்ப கார்?"

"கார் உங்கட. அது போகும்."

வேறு ஆளென்றால் அழுதிருப்பார். முதலாளியின் காதில் விழுந்தது 'நிலத்தோட பொருந்தின எல்லாம்' என்பது மட்டும்தான். அடுத்த நாளே மேசன் வந்தான். காரைக் குசினிச் சுவரோடு நிறுத்தி, சில்லுகளைக் கழற்றி, அடியில் கல் வைத்துச் சீமெந்து பூசி, மேலே தென்னங்கிடுகால் ஒரு பத்திக் கூரையும் இறக்கியாயிற்று. பொனற்றில் பிள்ளையார் படம்.

காரை எடுக்கக் கோட்டிலிருந்து பிஸ்கால் உத்தியோகத்தர் வந்தபோது எங்கள் ஒழுங்கைச் சனமே வேலியில் தொங்கியது. மனிதர் சீமெந்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"இதென்ன முதலாளி?"

"அறை."

"அறைக்கு ஏன் வைப்பர்?"

"மழை பெஞ்சால்?"

உத்தியோகத்தர் மகேசு அக்காவிடம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ அம்மா. இது உங்கட வீட்டில ஒரு துண்டோ, இவற்ற காரோ? காரெண்டால் இப்பவே அலவாங்கால கிண்டிக்கொண்டு போறன்."

முதலாளி பொனற்றுப் பிள்ளையாரைப் பார்த்துக் கும்பிட்டார். அக்காவின் வாயில் 'கார்' என்று ஒரு சொல். வந்தால் கார் போச்சு. நான் அக்காவாக இருந்தால் அலவாங்கை நானே எடுத்துக் கொடுத்திருப்பேன்.

அக்கா நேரே போய் முன்கதவைத் திறந்தார். சேற்றுக் காலோடு ஏறி, ஸ்ரியறிங்குக்கு முன்னால் வசதியாக இருந்தார்.

"என்ர வீட்டு அறைதான்."

"அப்ப அந்த ஸ்ரியறிங்?"

"வங்குரோத்தான மனுசன், ஐயா. பிடிச்சுக்கொண்டு இருக்க ஏதாவது ஒண்டு வேணுமெல்லோ?"

உத்தியோகத்தர் அவரைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், சீமெந்தை இன்னொருமுறை பார்த்தார். "இதைக் கிண்டி எடுத்தாலும் ஏலத்தில ஆர் கேக்கப் போகினம்" என்று முணுமுணுத்தபடி சைக்கிளில் ஏறினார்.

அவர் படலையைத் தாண்டியதும் முதலாளி மெல்லக் கிட்டப் போனார்.

"இஞ்சேரும்... ஒருக்கா ஹோன் அடிக்கட்டே?"

"அடியுங்கோ. ஆனால் ஒவ்வொருக்காலும் கேட்டு அடிக்கவேணும். என்ர அறை."

பிறகு ஒருநாள் பற்றறி செத்து ஹோன் ஊமையானது. இனி நிம்மதி என்று முதல் நாள் சிரித்தோம். சோற்று நேரம் எப்போது வருகிறது, போகிறது என்றே ஒழுங்கையில் யாருக்கும் தெரியாமல் போயிற்று. அந்த வாரமே நாங்கள் நாலு பேர் ஒரு பழைய லொறிப் பற்றறியைத் தேடிப்பிடித்து, வேலிக்கு மேலால் தூக்கிக் கொடுத்தோம்.

இப்போது மகேசு அக்கா முன் சீற்றில் இருந்து கீரை ஆய்கிறார். முதலாளி காலைக் கழுவிவிட்டுப் பின் சீற்றில் ஏறியிருக்கிறார்.