வந்துட்டா என்ன பண்றது?

எந்தக் கட்சியையும் பிடிக்காமல் எல்லாக் கட்சியிலும் இருக்கும் மனிதர் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொடி பிடிக்க மாட்டார், கூட்டத்துக்குப் போக மாட்டார், மேடையில் ஏறச் சொன்னால் மூட்டுவலி என்பார். ஆனால் தேர்தல் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், அவர் வாயிலிருந்து ஒரு கேள்வி புறப்படும். "அவன் வந்துட்டா என்ன பண்றது?" யார் வந்தால் நல்லது என்று அவர் யோசித்ததே கிடையாது. யார் வந்தால் கெட்டது என்று யோசிக்கவே அவருக்குப் பொழுது போதவில்லை.

இந்த இனத்தில் நல்ல மாதிரி ஒன்று வேண்டுமானால் திருத்தணிக்கு வாருங்கள். மலையிறங்கி அரக்கோணம் சாலையில் வந்தால், ஊர் முடிந்து ஊராட்சி தொடங்கும் இடத்தில், நீளமான சுற்றுச்சுவரோடு ஒரு வீடு நிற்கும். வீட்டுக்காரர் துரைக்கண்ணு. அரக்கோணத்தில் ஒரு பார்சல் ஆபீசில் வேலை.

அவரைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். முட்ட வருகிற மாட்டை எதிரே நின்று விரட்டக்கூடியவர். வராத மாடுதான் அவரைத் தெருத் தெருவாகத் துரத்தும்.

காலை ரயிலில் மற்றவர்கள் வேர்க்கடலை வாங்கினால் இவர் பயம் வாங்குவார். ரேஷன் அரிசி நிற்கப்போகிறது, கரண்டு மீட்டரில் ஏதோ வைக்கப்போகிறார்கள், பேங்கில் இருக்கும் நகை இருக்காது என்று, எதிர் சீட்டிலிருந்து பாதியும் கைப்பேசியிலிருந்து மீதியுமாகச் சேர்த்துக்கொண்டு, அரக்கோணத்தில் இறங்கும்போது முகம் ஒரு சுற்றுச் சிறுத்திருக்கும். ஆதாரம் காட்டுகிறவரை அவர் நம்புவதில்லை. குரலைத் தாழ்த்துகிறவரைத்தான் நம்புவார்.

இப்படிப்பட்டவர் வீட்டுச் சுவர் சாலையைப் பார்த்து நீளமாக இருந்தால் தேர்தல் சமயத்தில் என்ன ஆகும்? ஊராட்சித் தலைவர் தேர்தல் வந்தது. ஒருவருக்குப் பூட்டுச் சின்னம், இன்னொருவருக்கு அலமாரி. பூட்டுக்காரருக்கு வேலை பார்த்த வெங்கடேசன், துரைக்கண்ணுவின் மனைவி தேவயானிக்கு ஒன்றுவிட்ட தம்பி, அவரைத் தெலுங்கு வழக்கில் 'பாவா' என்று கூப்பிடும் மச்சினன். ஒரு சாயங்காலம் வந்து, தோளில் கை போட்டுக்கொண்டார்.

"பாவா, உன் காதுல மட்டும் போட்டு வெக்கிறேன். அலமாரிக்காரன் ஜெயிச்சான்னு வெச்சுக்கோ, நம்ம ஊரத் தூக்கி மறுபடியும் ஆந்திராவுல சேத்துடுவான்."

"இன்னாப்பா சொல்ற? ஊராட்சித் தலைவரு எப்படி ஊரத் தூக்கிக் குடுப்பாரு?"

"அவனுக்கு ஆந்திராப் புத்தூர்ல சம்பந்தி இருக்குதா இல்லியா?"

சம்பந்தி இருப்பது உண்மை. அறுபதாம் ஆண்டுக்கு முன்னால் திருத்தணி ஆந்திராவில் இருந்ததும் உண்மை. பயத்துக்குப் பொட்டளவு உண்மை போதும், மீதியை அதுவே சமைத்துக்கொள்ளும். துரைக்கண்ணுவோ அப்பாவைத் தெலுங்கில் 'நைனா' என்று கூப்பிட்டு வளர்ந்தவர், கோபம் வந்தால் தெலுங்கில்தான் திட்டுவார். தெலுங்குக்காரர் கையில் ஊர் போய்விடுமே என்று அவர்தான் நடுங்கினார்.

"அப்போ செவுத்துல நம்ம பூட்டு எழுதிக்கலாம்ல, பாவா?"

"கேக்கணுமாப்பா? உன் வூடு."

மறுநாள் வண்டிக்கு பிரேக் பார்க்க பாசித்தின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனார். பாசித் அலமாரிப் பக்கம். பிரேக்கை இறுக்கிக்கொண்டே அவனும் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, பூட்டு வந்துட்டா நம்ம ஊராட்சிய மெட்ராஸ் கார்ப்பரேசன்ல சேத்துடப் போறாங்கோ. வூட்டு வரி, தண்ணி வரி, கோழி வளத்தா வரி."

"கோழிக்குமா?"

"முட்டைக்குத் தனி."

"அய்யய்யோ."

"அதான் செவுத்த நமக்குக் குடுத்துட்டீங்கன்னா..."

"ஆங், எழுதிக்கோ, எழுதிக்கோ."

ஆக, துரைக்கண்ணுவின் கணக்குப்படி ஊர் ஒரே சமயத்தில் வடக்கே ஆந்திராவுக்கும் கிழக்கே சென்னைக்கும் போய்க்கொண்டிருந்தது. இரண்டும் எப்படிச் சேர்ந்து நடக்கும் என்று கேட்பது அறிவின் வேலை. பயத்துக்கு அந்தச் சிரமம் இல்லை, அது இரண்டு திசையிலும் ஓடும். முந்தின நாள் டீக்கடையில் எல்லை காக்கும் வீரராகப் பேசியவர், மறுநாள் அதே கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சுயாட்சி பேசினார். பயம் முதலில் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடும், கொள்கை பின்னால் வந்து அதற்கு விசிறிவிடும். பெரிய தலைவர்களிடமும் இதே ஏற்பாடுதான், நாற்காலி மட்டும் கொஞ்சம் உயரம்.

இதில் துரைக்கண்ணு சுத்தமாக மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சுவரை அவர் ஏற்கெனவே தேவயானிக்குக் கொடுத்திருந்தார். முன்னறையில் மிஷின் போட்டுத் தைக்கிறாள் தேவயானி. கை சுத்தம், வேலை நேர்த்தி. ஆனால் இங்கே ஒரு தையற்கடை இருப்பது பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியாது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு ஊரே அந்தச் சாலையில் நடக்கும். அதற்குள் சுவரில் 'தேவயானி தையலகம்' என்று எழுதிவிட வேண்டும் என்பது அவள் திட்டம்.

"இந்த ஆடிக்கும் பேரு வரலன்னா மிஷின எங்க அக்கா வூட்டுக்கு அனுப்பிடறேன். அப்புறம் நான் தைக்கவே மாட்டேன், பாத்துக்கோ," என்று அவள் சொல்லியிருந்தாள். வெறும் மிரட்டல் இல்லை அது. மிஷினுக்கு உறை கூடத் தைத்து வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெங்கடேசன் ஒரு பக்கெட் சுண்ணாம்போடு வந்தார். பாசித் ஒரு பக்கெட் சுண்ணாம்போடு வந்தான். பெயின்டர் வளவன் பிரஷ்ஷோடு வந்தான். மூன்று தரப்பும் பேசி வைத்திருந்தது அந்த ஒரே வளவனைத்தான்.

"இது பூட்டுச் செவுருடா."

"யாரு சொன்னது? அண்ணன் வாயால எங்களுக்குக் குடுத்தது."

"எனக்கு மட்டும் இன்னா, காலாலயா குடுத்தாரு? பாவா, வெளிய வந்து சொல்லு."

பாவா குளியலறையில் இருந்தார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டிருந்தார்.

"சோப்பு போட்டுகினு இருக்கேம்பா!"

"ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி எழுதிடட்டா?" என்றான் வளவன். "அலமாரிக்குப் பூட்டு போட்ட மாதிரியும் இருக்கும்."

இருவரும் சேர்ந்து அவனைத் திட்டினார்கள். அன்றைக்கு அவர்களுக்குள் ஏற்பட்ட ஒரே கூட்டணி அதுதான். சத்தம் கேட்டுத் தேவயானி கழுத்தில் அளவு டேப்போடு வெளியே வந்தாள். சுண்ணாம்புப் பக்கெட்டுகளைப் பார்த்தாள். குளியலறைக் கதவைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"வெங்கடேசா, ஆவணியில உன் பொண்ணு கல்யாணம். பிரியங்கா பிளவுஸெல்லாம் யாராண்ட கீது?"

"உன்னாண்டதாங்க்கா."

"பாசித்து, உன் தங்கச்சி ஆலிமா நிக்காஹ் துணி?"

"உங்ககிட்டதாங்க்கா."

"எல்லாத்தையும் வெட்டி வெச்சுட்டேன். இன்னும் ஒண்ணும் தைக்கல. இந்தச் செவுத்துல பூட்டு வந்தாலும் சரி, அலமாரி வந்தாலும் சரி, வெட்டினது வெட்டின மாதிரியே மூட்ட கட்டிக் குடுத்துடுவேன். வாங்கினு போங்க."

வெங்கடேசன் மனதில் அவர் மனைவி வந்து நின்றாள். பாசித் மனதில் அவன் அம்மா வந்து நின்றாள். ஆந்திராவையும் சென்னையையும் வைத்து ஊரை மிரட்டிய இரண்டு பேருக்கும், வெட்டித் தைக்காத ரவிக்கைத் துணியின் முன்னால் முகம் வெளுத்துவிட்டது.

"எழுதுக்கா. பெருசாவே எழுது," என்றார் வெங்கடேசன்.

"போன் நம்பரும் போட்டுக்கங்கக்கா," என்றான் பாசித்.

இரண்டு கட்சிச் சுண்ணாம்பும் அந்த ஒரே சுவருக்குச் செலவாயின. மத்தியானத்துக்குள் நீல எழுத்தில் 'தேவயானி தையலகம்' மலைக்குப் போகிற பஸ்களைப் பார்த்து நின்றது. மிஷின் உறையை அவள் பிரித்து, தோள்பை தைக்க எடுத்துக்கொண்டாள்.

விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போய் வெளியே வந்தார் துரைக்கண்ணு. சுவரில் சின்னம் எதுவும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் மூச்சு விட்டிருப்பார்கள்.

"தேவயானி, ரெண்டுமே எழுதலன்னா ரெண்டு பேரும் நம்மள எதிராளின்னு நெனச்சுப்பாங்களே?"

"நெனச்சுக்கட்டும். நீ இப்போ இன்னா சொல்ற? என் பேரு இருக்கட்டுமா, வாணாமா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கையில் கத்தரிக்கோல் இருந்தது. துணி வெட்டுவதற்குத்தான். ஆனாலும் பார்த்தார்.

அன்று மாலையே டீக்கடையில் அறிவித்துவிட்டார்: "என் செவுத்துல எந்தக் கட்சிக்கும் எடம் கெடையாது. கொள்கைன்னா கொள்கைதான்." கேட்டவர்கள் அசந்துபோனார்கள். நல்ல கொள்கைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வந்த வழிதான் பழைய வழி.

நாம் அப்படியா? நம் கொள்கைகளெல்லாம் நாமே நடந்து போய், எடை பார்த்து, எடுத்து வந்தவை. சந்தேகமே வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கட்டுமா? இதைப் படித்துக்கொண்டு வரும்போது, எழுதியவர் நிஜத்தில் எந்தக் கட்சி, குத்துவது நம்ம ஆளையா என்று நடுவில் ஓர் இடத்தில் தேடினீர்களே, எதற்கு? சிரிப்பு வந்தபோது பக்கத்தில் இருக்கிறவர் முகத்தை முதலில் ஒரு தடவை பார்த்துக்கொண்டீர்களே, அது எதற்கு? போகட்டும், நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. பயப்படாதீர்கள்.