அலமாரிக்குப் பின்னால் என் மெய்க்கீர்த்தி

மனைவியைத் திருத்துவது என்று நான் முடிவெடுத்தது ஒரு திங்கட்கிழமை. நான் திருந்தி முடித்தது அடுத்த மாதத்து ஞாயிற்றுக்கிழமை.

மாலை ஏழு மணிக்குத் தொலைக்காட்சியில் எனக்குக் கால்பந்து வேண்டும். அதே ஏழு மணிக்கு அவளுக்குப் புதையல் வேட்டைத் தொடர் வேண்டும். தொப்பி வைத்த ஒருவனும் தொப்பி வைக்காத ஒருத்தியும் குகை குகையாக ஓடுவார்கள். பாறை உருளும். குனிவார்கள். அடுத்த வாரமும் அதே பாறைதான் உருளும். ரிமோட் அவள் மடியில் இருக்கும்.

"இதெல்லாம் கட்டுக்கதை. நிஜ சரித்திரம் வேற," என்றேன்.

"அப்படியா? அது எங்கே கிடைக்கும்?"

மறுநாளே நூலகத்திலிருந்து தலையணை கனத்தில் ஒரு சரித்திரப் புத்தகம் கொண்டுவந்தேன். இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிடுவாள், ரிமோட் என் கைக்கு வரும் என்பது திட்டம். ரிமோட் வந்தது. ஆனால் அவள் தூங்கவில்லை. அடுத்த புத்தகத்தை அவளே போய் எடுத்துவந்தாள். ஆட்ட இடைவேளையில் நான் திருட்டுத்தனமாக அந்தத் தொடரைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"ஏங்க, மெய்க்கீர்த்தின்னா என்னன்னு தெரியுமா?"

"ஏதாவது லேகியமா?"

"கல்வெட்டு ஆரம்பத்திலே ராஜா தன் பெருமையை எழுதி வைக்கிறது. அந்த நாட்டை ஜெயிச்சேன், இந்தக் கோட்டையை இடிச்சேன்னு. அதை அப்படியே நம்பிடக் கூடாதாம். வேற ஆதாரத்தோட ஒத்துப் பார்க்கணுமாம்."

"ரொம்பச் சரி," என்றேன், கோல் விழுந்த சந்தோஷத்தில்.

இங்கே என் மெய்க்கீர்த்தியைச் சொல்லிவிட வேண்டும். நான் பெயிண்ட் கடையில் வேலை பார்ப்பவன். பன்னிரண்டு வருடத்துக்கு முன், அவள் தாய்வீடு போயிருந்தபோது, பச்சையாக இருந்த படுக்கையறையை ஒற்றை ஆளாக வெள்ளையாக்கினேன். மலை மாதிரி நின்ற மர அலமாரியைத் தனியாக நகர்த்தினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து செய்தித்தாளைவிடக் கனமான எதையும் நான் தூக்குவதில்லை. மளிகை மூட்டையை அவள் தூக்குவாள். கேஸ் சிலிண்டரை மாடிவீட்டுத் தையல்காரர் தூக்குவார். எங்கள் வீட்டை இத்தனை வருடம் ஆண்டது நானல்ல, என் இடுப்பு.

ஒருநாள் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க பெயிண்ட் அடிச்ச கதையை இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. "அஞ்சு டப்பா! ஒத்த ஆளு!"

"போன வருஷம் மூணு டப்பான்னீங்க."

"அது பெரிய டப்பா."

"கல்யாணமான புதுசிலே ரெண்டு," என்று எழுதிக்கொண்டாள்.

"எதுக்கு எழுதறே?"

"சும்மாதான். சரித்திரம்."

அந்த ஞாயிறு காலை, அலமாரிக்குப் பக்கத்தில் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்கே தட்டினா ஒரு சத்தம், அங்கே ஒரு சத்தம். நமக்கு முன்னாடி இங்கே இருந்தவர் கடிகாரக் கடைக்காரர்தானே? அந்தக் காலத்திலே சுவத்துக்குள்ளே எதையாவது ஒளிச்சு வச்சுப் பூசிடுவாங்களாம்."

என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஐயோ, நீங்க கை வச்சிடாதீங்க. உங்க இடுப்பு! சாயங்காலம் தையல்காரர் வந்து நகர்த்தட்டும். ஏதாவது கிடைச்சா அவருக்கும் பாதி கொடுத்திடலாம்."

சொல்லிவிட்டு ஈரத்துணி வாளியோடு மொட்டைமாடிக்குக் கிளம்பினாள்.

தையல்காரருக்குப் பாதியா! வயிறு எரிந்தது. கதவைப் பார்த்தேன், ஆளில்லை. தோளைக் கொடுத்து ஒரே தள்ளு. அலமாரி மூன்றடி நகர்ந்து நின்றது.

சுவரில் புதையல் இல்லை. வெள்ளையும் இல்லை. அலமாரி உயரத்துக்கு, அலமாரி அகலத்துக்குப் பச்சைப்பசேல் என்று இருந்தது. அலமாரியைச் சுற்றி மட்டும் அடித்துவிட்டு, பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று பிரஷ்ஷைக் கழுவியவன் நான்தான். எனக்கே மறந்துபோயிருந்தது. திரும்பத் திரும்பச் சொன்னதில் நானே என் கல்வெட்டை நம்பிவிட்டிருக்கிறேன்.

வாசற்படியில் அவள் நின்றிருந்தாள். ஈரத்துணி வாளியில் அப்படியே இருந்தது.

"பெருக்கும்போது ஓரத்திலே நகக்கண் அளவு பச்சை தெரிஞ்சுது. மிச்சத்தை நீங்களே காட்டிட்டீங்க."

என் கை பழக்கதோஷத்தில் இடுப்புக்குப் போனது.

"கையை எடுங்க. உங்களுது மெய்க்கீர்த்தி இல்லை, பொய்க்கீர்த்தி. சிலிண்டர் வந்து வாசல்லே நிக்குது. தையல்காரர் இனிமே வரவேண்டாம்னு சொல்லிட்டேன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ஆசை விடவில்லை.

"அப்போ அந்தப் புதையல்?"

"கிடைச்சிடுச்சே! பன்னிரண்டு வருஷமாக் காணாமப் போயிருந்த உங்க இடுப்பு."