படுக்கையறையில் பார்வையாளர்கள்

என் தூக்கத்துக்காக நான் போர் தொடுத்த கதை இது.

ரொட்டி ஆலையில் எனக்கு இரவு வேலை. ஊர் எழுந்து ரொட்டி தின்கிற நேரத்தில்தான் எனக்குக் கண் சொக்கும். உலகமே விழித்திருக்கும்போது தனியாகத் தூங்குவது ஒரு சோகம். அந்தச் சோகத்தையாவது நிம்மதியாக அனுபவிக்க விடுவாளா? என் மனைவி நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டாள்.

மேடை கிடையாதாம். திரை கிடையாதாம். யாராவது ஒருவர் வீட்டில் நடக்குமாம். பார்க்க வருகிறவர்கள் நடிகர்களோடு அறை அறையாக நடப்பார்களாம், பானையைத் திறந்து பார்ப்பார்களாம்.

"யார் வீட்டில?" என்றேன்.

"சனி, ஞாயிறு நம்ம வீட்டிலதாங்க. புருஷன் பொண்டாட்டி கதை. பகல்லதான்."

"பகல்ல நான் தூங்கணுமே?"

"தூங்குங்க. யாரு வேண்டாங்கிறா?"

"புருஷனா எவன் நடிக்கிறான்?"

"இன்னும் ஆள் அமையலைங்க," என்றாள், ரொம்பப் பணிவாக. அந்தப் பணிவிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

முதல் நாளே நாடகத்தை ஊத்தி மூடுவது என்று முடிவு கட்டினேன்.

சனிக்கிழமை. கண்ணயர்ந்த நேரம் கூடத்தில் காலடிச் சத்தம். அழுக்குப் பனியனும் பரட்டைத் தலையுமாகப் பாய்ந்தேன். கூடம் நிறைய ஆட்கள்.

"இது வீடா, சந்தையா? எல்லாரும் கிளம்புங்க."

ஒருத்தர்கூட நகரவில்லை. ஒருவர் கிட்டே வந்து, என் பனியன் ஓட்டையை உற்றுப் பார்த்து, "என்ன நுணுக்கம் பாருங்க," என்றார்.

சமையலறைக்கு ஓடினேன். பின்னாலேயே வந்தார்கள். குளியலறைக்குள் புகுந்து தாழிட்டேன். வெளியே கிசுகிசுப்பு.

"அழறாரோ?"

"இல்லை. தன் வாழ்க்கையை நினைச்சுப் பாக்கிறாரு."

உண்மையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

தப்பித்துக் கட்டிலில் போய் விழுந்தேன். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து என் நெற்றியைத் தடவினாள். "அவளை மன்னிச்சிடுப்பா."

"ஏம்மா, இது நாடகம் இல்லைன்னு இவங்ககிட்ட சொல்லித் தொலையேன்," என்று கதவோரம் நின்ற மனைவியிடம் கெஞ்சினேன்.

அவள் கண் கலங்கக் கூட்டத்தைப் பார்த்து, "இது நாடகம் இல்லைங்க," என்றாள்.

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

கூட்டம் போனதும் இயக்குநர் அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் பல் டாக்டர். பிறர் வாயைத் திறக்க வைப்பதே தொழில்.

"பிரமாதம் சார். வீட்டுக்காரருக்கு வசனமே எழுத வேண்டாம், எழுப்பிவிட்டா போதும்னு இவங்க அப்பவே சொன்னாங்க."

எனக்கு வந்ததே கோபம்.

"நாளைக்கு நான் வாயே திறக்க மாட்டேன். போர்த்திக்கிட்டுக் கட்டை மாதிரி கிடப்பேன். யார் உலுக்கினாலும் அசைய மாட்டேன். என்ன பண்ணுவீங்க ரெண்டு பேரும்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மனைவியின் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"அப்பாடா. நாளைக்குக் கதையில நீங்க செத்துப் போறீங்க. உங்களை எப்படி அசையாம படுக்கவைக்கிறதுன்னுதான் கவலையா இருந்துச்சு. குறட்டை மட்டும் விட்டுடாதீங்க, வர்றவங்க அழணும்."